நமத்ததும் விளைந்ததும்

'காலம் தீர்மானிக்கட்டும்' என்று நம் விமர்சகர்கள் சொல்லும்போதெல்லாம், காலத்துக்கு நாக்கு இருக்கிறது என்றொரு நம்பிக்கை அதற்கடியில் கிடக்கிறது. நல்லது நிற்கும், மற்றது உதிரும். நின்றதனாலேயே அது நல்லது. இந்த வாதத்தின் சௌகரியம் எனக்கு வெகுநாளாகவே உறுத்தல். இலக்கியத்தை வைத்துப் பேசினால் ஆளுக்கொரு மகாகவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதால் பீரை வைத்துப் பேசுகிறேன்.

அமெரிக்காவிலிருந்து ஆலங்குளத்துக்கு வந்த உறவினர் ஒருவர் இரண்டு புட்டிகள் கொண்டுவந்தார். சிறிய வடிப்பாலை ஒன்றில் செய்தது; வீரியம் கூடுதல், ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைத் தாராளமாகச் சேர்த்தது. ஒன்றை அந்த வாரமே குடித்தோம். மற்றதை அலமாரி இருட்டில் மூன்று வருஷம் வைத்திருந்து திறந்தேன் — வேண்டுமென்றேதான். நிலவறைக் குளிர்ச்சியெல்லாம் நம் கரிசலில் ஏது? மூன்று கோடைகள் அதன்மேல் நடந்துபோயிருந்தன.

முதல் புட்டியைத் திறந்ததும் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினாற்போல் ஒரு வாசனை எழுந்து அறையை நிறைத்தது. கசப்பு தாமதமாக வந்து, வேப்பம்பூ மாதிரி, அடிநாக்கில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவதில் அந்த வாசனை அடியோடு இல்லை. நிறம் கறுத்திருந்தது. வெல்லப்பாகு, உலர்திராட்சை, கொஞ்சம் தேன். அவற்றுக்குக் கீழே நனைந்த அட்டையின் வாடை. கசப்பு மழுங்கி எங்கோ ஓரத்தில். மோசம் என்று சொல்ல முடியாது. கூடக் குடித்த நண்பர், "நல்லா முதிர்ந்திருக்கு" என்றார்.

இந்த 'முதிர்ந்த'தில்தான் எனக்குத் தகராறு. நடந்தது என்ன? ஹாப்ஸின் வாசனை எண்ணெய்கள் எளிதில் ஆவியாகிறவை, சிதைகிறவை; புட்டிக்குள் அகப்பட்ட சொற்பப் பிராணவாயுவும் வெக்கையும் அதற்குப் போதும். கசப்பைத் தரும் அமிலங்களும் மெல்லச் சிதைகின்றன. மால்ட்டின் இனிப்பு எதிர்ப்பாரின்றி மேலே வருகிறது. அதாவது, செய்தவன் எதற்காக அதைச் செய்தானோ அது முதலில் போயிற்று. எஞ்சியதைக் காலம் தேர்ந்தெடுக்கவில்லை. போக முடியாதது தங்கிற்று, அவ்வளவுதான். அப்படியானால் நாங்கள் பாராட்டியது பானத்தையா, எங்கள் பொறுமையையா? வெடிக்கட்டுகளோடு வாழும் எங்கள் பக்கத்து மனிதர்களிடம் இதற்கு வேறு சொல் உண்டு: நமத்துப்போச்சு. ஈரம் கண்ட சரத்தைப் பக்குவப்பட்டது என்று இங்கே யாரும் சொல்வதில்லை.

எதிர்வாதமும் உண்டு, அதைத் தாண்டிப் போவது நியாயமில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், லண்டனுக்குக் கிழக்கே இருந்த ஹாட்ஜ்சனின் வடிப்பாலையிலிருந்து வெளிர்நிற பீர் பீப்பாய்களில் கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மாதக்கணக்காகக் குலுங்கி, கல்கத்தாவுக்கும் சென்னைப் பட்டணத்துக்கும் வந்தது. அதிலும் ஹாப்ஸ் அதிகம். ஆனால் பிரதானமாகக் கெடாமலிருப்பதற்காக. அந்தக் கசப்பு காலத்தை எதிர்பார்த்தே போடப்பட்டது. பிரயாணமே செய்முறையின் கடைசிப் பகுதியாகிவிட்டிருந்தது. இந்தியாவின் பெயரை ஒட்டவைத்து அழைக்கும் வழக்கம் அப்புறம் வந்தது. 1829இல் சிட்னிப் பத்திரிகை விளம்பரம் ஒன்றில் அது காணப்படுகிறது. கரையிறங்கிய அந்தப் பீப்பாயை 'முதிர்ந்தது' என்றவனோடு எனக்குச் சண்டையில்லை. பல நாள் விளைந்த மதுவின் கடுமைக்குத் தேள்கொட்டை உவமை சொன்ன சங்கப் புலவர்களோடும் இல்லை. அங்கே காலம் கூட்டியது. இன்று இந்தியா பேல் ஏல் என்ற அதே பெயரில் வரும் பானத்தில் காலம் கழிக்கிறது. கலிபோர்னியாவின் ஸ்டோன் நிறுவனம் 'இந்தத் தேதிக்குள் குடி' என்பதையே ஒரு பீருக்குப் பெயராக வைத்தது. ஒரே பெயர், காலத்தோடு இரண்டு வேறு ஒப்பந்தங்கள். ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளப்பது ருசி சம்பந்தமான விஷயம் மட்டுமல்ல, அதில் ஒரு அநீதி இருக்கிறது. ஒரு வேலைநிறுத்தப் பந்தலில் வாசித்து அன்றே எரிந்துபோவதற்கென்று எழுதப்பட்ட கவிதையை ஐம்பது வருஷம் கழித்து எடுத்துப் பார்த்து, 'நிற்கவில்லை' என்கிறோமே, அது எந்த நேர்மை?

காத்திருக்கக் கூடியவற்றுக்குத்தான் நம்மிடம் மரியாதை. பனங்கள் காத்திருக்காது. கலயத்தில் சொட்டத் தொடங்கியதுமே நொதிக்க ஆரம்பிக்கிறது. காலையில் இறக்கும்போதே நுரை, மதியத்துக்குக் கடுப்பு, மறுநாள் காடி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டால் நொதிப்பு தடைப்பட்டுப் பதநீர். காய்ச்சினால் கருப்பட்டியாகி மாதக்கணக்கில் நிற்கும். (ஆலங்குளம் சுண்ணாம்புக்கல்லை நம்பி சிமெண்ட் ஆலை எழுந்த ஊர். இங்கே பனைக்கும் கட்டடத்துக்கும் ஒரே கல்தான் காவல்.) ஒரே பாளை, ஒரே அரிவாள், ஒரே பனையேறி. சுண்ணாம்பு இருந்தால் அது ஆரோக்கிய பானம். இல்லாமல் சில மணி நேரம் கழிந்தால், 1987 ஜனவரி 1 முதல், தமிழ்நாட்டில் குற்றம். தண்டிக்கப்படுவது அந்தச் சில மணி நேரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆலையில் புளிக்கவைத்துப் புட்டியில் அடைத்தது என்றால் அரசாங்கமே 2003 முதல் கடை வைத்து விற்கிறது.

மூன்று வருஷத்துப் புட்டிக்குப் பாகு, திராட்சை, தேன் என்று மேலே நானும் மளமளவென்று சொல் கண்டுபிடித்துவிட்டேன். விடிகாலைக் கள்ளுக்கும் பதினோரு மணிக் கள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கில் வைத்திருந்த கிழவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் பேனாவோடு போய் உட்காரவில்லை.