செயப்பாட்டு வினை

பிற மொழியைக் கற்பிக்கிறவர் சொற்களைத்தான் கற்பிக்கிறார், நியாய அநியாயங்களைக் கற்பிப்பதில்லை என்று பொதுவாக ஓர் அபிப்பிராயம் உண்டு. மேஜை, நாற்காலி விஷயத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இப்போது நம் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடங்களில் சுற்றுச்சூழலும் வந்து சேர்ந்திருக்கிறது. பாடத்தின் முடிவில் பத்துப் பன்னிரண்டு சொற்கள், பக்கத்தில் பொருள், அதற்குக் கீழே கோடிட்ட இடங்கள். இந்தச் சொற்களில் ஒன்றையாவது தீர்ப்புச் சொல்லாமல் சொல்லிக் கொடுக்க முடியுமா என்பதுதான் என் சந்தேகம்.

'வெட்லாண்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ்காரர்கள் சதுப்பு நிலத்துக்கு முன்பு வைத்திருந்த பெயர்கள் 'ஸ்வாம்ப்', 'பாக்' போன்றவை. வேலை தலைக்கு மேல் போனால் 'ஸ்வாம்ப்ட்' என்பார்கள். காரியம் நகராமல் நின்றால் 'பாக்ட் டவுன்' என்பார்கள். அந்த மொழியில் சதுப்புக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். தங்கள் நாட்டுக் கிழக்குப் பகுதியில் இருந்த பெரிய சதுப்புகளை 17-ம் நூற்றாண்டில் ஹாலந்துக்காரப் பொறியாளரை வைத்து வடித்து வயலாக்கினார்கள். பிறகு காலம் மாறியது. 1971-ல் ஈரான் தேசத்து ராம்சார் நகரில் பல நாடுகள் கூடி இந்த நிலங்களைக் காப்பதென்று ஒப்பந்தம் செய்தபோது, வசைச் சாயல் இல்லாத 'வெட்லாண்ட்' என்ற பெயரில்தான் செய்தன. ஏச்சாகிவிட்ட சொல்லை வைத்துக்கொண்டு எதையும் காப்பாற்ற முடியாது போலிருக்கிறது.

நம் கதை இதற்கு நேர் எதிர். சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணையில் இருக்கும் சதுப்பைப் பழைய ஜனங்கள் கழுவெளி என்றார்கள். வெள்ளைக்காரன் வருவாய்க் கணக்கில் வரி தராத பூமியெல்லாம் 'வேஸ்ட்'. தமிழில் எழுதிய கணக்குப்பிள்ளைகள் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதினார்கள். புறம்போக்கு என்றால் தீர்வைக்குப் புறம்பானது: ஏரி, மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு. அதாவது ஊரில் எல்லாருக்கும் உரியது. அந்தச் சொல்லை இன்று தெருச் சண்டையில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சொல்கிறான். பொதுச்சொத்தின் பெயரையே வசவாக்கிக்கொண்ட பிறகு, அங்கே குப்பை கொட்ட யாருக்குக் கூச்சம் வரும்? பெருங்குடிப் பக்கம் பல வருஷங்களாகச் சென்னையின் குப்பை அந்தச் சதுப்பில்தான் விழுந்தது. 2022-ல் அதே பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. 'வெட்லாண்ட்' என்று இங்கிலீஷில் படித்துவிட்டு வரும் குழந்தை அதை ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்தால் அதன் மேல் குற்றமில்லை.

என் சிநேகிதர் ஒருவர் அந்தப் பக்கத்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். "நான் பாஷை சொல்லிக் கொடுக்கிறேன், ஸார். பிரசங்கம் என் வேலையில்லை" என்பார். அவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. 'கார்பன் ஃபுட்பிரிண்ட்' என்று ஒரு சொல். கரியமிலக் காலடித் தடம் என்று தமிழாக்கலாம். ஒவ்வொருவரும் தம் தடத்தைத் தாமே கணக்குப் பார்த்துக்கொள்ள 2004-ல் ஒரு கருவியைச் செய்து வெளியிட்டு, இந்தச் சொல்லை உலகமெங்கும் பரப்பியது பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி. அதே கம்பெனியின் கிணறு 2010-ல் மெக்ஸிகோ வளைகுடாவில் வெடித்து 11 பேர் இறந்தார்கள்; 87 நாட்கள் எண்ணெய் கடலில் கொட்டியது. இந்தச் சொல்லைப் பாடத்தில் வைத்து, "உன் காலடித் தடத்தை எப்படிக் குறைப்பாய்?" என்று கேள்வி கேட்கிறார்கள். பல் துலக்கும்போது குழாயை மூடுவேன் என்பது எதிர்பார்க்கும் விடைகளில் ஒன்று. சிநேகிதரின் வகுப்பில் லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கும் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர். மூடுவதற்குக் குழாய் இருந்தால் அல்லவா? அமெரிக்கர் ஒருவர் சராசரியாக விடும் கரியமில வாயுவில் ஏழில் ஒரு பங்கு அளவுதான் இந்தியர் ஒருவருடையது. அந்தப் பெண்களின் பங்கு அதிலும் எவ்வளவோ கீழே இருக்கும். செய்யாத பாவத்துக்குச் சங்கல்பம் செய்துகொள்ளச் சொல்வது மொழிப் பாடமும் அல்ல, நீதி போதனையும் அல்ல.

ஆனால் அவர் கட்சி தோற்கும் இடம் ஒன்று உண்டு. அது இலக்கணத்தில் இருக்கிறது. செயப்பாட்டு வினைக்கு உதாரணம் தேடும்போது ஆற்றையும் மரத்தையும்தான் பிடிக்கிறார்கள். 'நதி மாசுபடுத்தப்பட்டது', 'மரங்கள் வெட்டப்பட்டன'. செய்தவர் யாரென்று தெரியாவிட்டால், அல்லது அது முக்கியமில்லாவிட்டால், 'பை' என்ற சிறு சொல்லையும் அதற்குப் பின் வரும் பெயரையும் விட்டுவிடலாம் என்பது விதி. நதி விஷயத்தில் செய்தவர் தெரியாதவரா, முக்கியமில்லாதவரா? விதி சரிதான், உதாரணம்தான் பொய் சொல்கிறது. தமிழில் மாசுபடுதல் வேறு, மாசுபடுத்துதல் வேறு. ஓர் எழுத்து இரண்டெழுத்தில் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். (நம் பத்திரிகைகளும் 'மாசடைந்தது' என்று எழுதித் தப்பித்துக்கொள்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

இதைச் சொன்னதும் சிநேகிதர் யோசித்தார். அடுத்த பரீட்சையில், 'சதுப்பு நிலம் நிரப்பப்பட்டது' என்ற வாக்கியத்தை இங்கிலீஷில் எழுதி, 'பை' போட்டு, கோடு விட்டுவிட்டார். மனிதர்கள், குப்பை லாரிகள், கார்ப்பரேஷன் என்று விடைகள் வந்தன. ஒரு பையன் மட்டும் 'என் அப்பா' என்று எழுதியிருந்தான். விசாரித்ததில், அப்பா அரை கிரவுண்டு மனை வாங்கி, கட்டட இடிபாட்டை லாரி லாரியாக அடித்து, தரையை உயர்த்தி இரண்டு அறை கட்டியிருக்கிறார். மழைக்காலத்தில் அந்த அறைகளுக்குள்ளும் தண்ணீர் வருகிறது. கடன் இன்னும் அடையவில்லை.

சிநேகிதர் முழு மார்க் போட்டுவிட்டு, அதிலிருந்து மனசு சரியில்லாமல் இருக்கிறார். பையன் எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை, பொய்யும் இல்லை. கோட்டின் நீளம்தான் போதவில்லை. மனையாகப் பிரித்து விற்றவர், அதைப் பதிவு செய்து கொடுத்தவர், மின்சாரம் இழுத்தவர், பக்கத்தில் பெரிய கட்டடங்கள் எழும்பியபோது பார்த்துக்கொண்டிருந்தவர் எல்லாருக்கும் அதில் இடம் வேண்டும். அடுத்த வருஷம் அந்தக் கேள்விக்கு முழுசாக ஒரு பக்கம் விடச் சொல்லியிருக்கிறேன். கூடவே, கரும்பலகையில் 'வெட்லாண்ட்' என்பதற்கு நேரே கழுவெளி என்று எழுதும்படியும் சொன்னேன். பையனின் பாட்டிக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும்.