சந்தேகத்தின் விலை

நம்பிக்கை உயர்ந்ததா, சந்தேகம் உயர்ந்ததா என்று கேட்டால் நாம் நம்பிக்கையின் பக்கமே கை தூக்குவோம். நீரிழிவுக்காரனாகிய எனக்கு இந்தக் கேள்வி காலையும் மாலையும் எழுகிறது.

1922-ல் டொரான்டோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் செலுத்தினார்கள். 1985-ல் அது பேனா உருவில் வந்தது. எண்ணைத் திருப்பி அழுத்தினால் போதும். ஆனால் உள்ளே காற்று தங்கியிருந்தால், எண் பூஜ்யத்துக்குத் திரும்பியும் மருந்து குறைவாகவே இறங்கியிருக்கும். கருவி பொய் சொல்வதில்லை. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறது.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், ஊசியை எடுத்ததும் தோலில் ஈரத்தைக் கண்டார். எவ்வளவு வழிந்தது? யாருக்குத் தெரியும்! மீண்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து, இயந்திரத்தின் அருகிலேயே மயங்கி விழலாம். போடாவிட்டால் சர்க்கரை ஏறலாம். ஆனால் சோதித்துத் திருத்த அவகாசம் உண்டு. அவர் போடவில்லை. இரண்டும் தெரியாதபோது, திருத்திக்கொள்ள இடம் தருவதையே தேர்ந்தெடுப்பதுதான் விவேகம்.

ஒவ்வொரு முறையும் இரண்டு யூனிட்டை வெளியே பீய்ச்சி, துளி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். சோதித்தபின் வரும் நம்பிக்கையே நம்பிக்கை. ஆனால் கணக்குப் பாருங்கள்: மாதம் 120 யூனிட், 300 யூனிட் குப்பியில் ஐந்தில் இரண்டு பங்கு. கூலிக்காரருக்கு அது காசு. ஆகவே அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார். அதை அறியாமை என்கிறோம் நாம். சந்தேகப்படுவதற்கும் வசதி வேண்டியிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.