பொய்ச்சாட்சி

நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு விற்கும் நான் கூகுளில் முதல் பக்கம் கேட்பது பேராசையா? ஆசையே துன்பம் என்கிறான் தம்பி மகன். புத்தர் கடை நடத்தவில்லையே! எனக்கு உறுத்துவது வேறு. 1998-இல் கூகுள் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் விளக்கிய, தளங்களை வரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறையில், பிற தளங்கள் தரும் இணைப்பு நமக்குச் சொல்லும் சாட்சி. அதைக் காசுக்கு வாங்கித் தருவதாக ஒருவர் வந்தார். அப்படி வாங்கியவர்களை 2012-இல் கூகுள் பின்னுக்குத் தள்ளியது. சரி, பிடிபடாவிட்டால் மட்டும் பொய்ச்சாட்சி மெய்யாகிவிடுமா? வேண்டாமென்றேன். என் தளத்தில் விளக்கின் உயரம், எடை, உச்சியிலுள்ள அன்னம், வண்டல் மண் அச்சில் பித்தளை வார்க்கும் விதம் எல்லாம் எழுதினேன்; படங்களுக்கும் விவரம் சேர்த்தேன். தேடி வருபவருக்குப் பதில் சொல்வது தற்புகழ்ச்சி ஆகாது. 'நம்பர் ஒன்' என்று மட்டும் போடவில்லை. அடுத்த தெருக் கடைக்காரர் போட்டிருக்கிறார். தேடலில் எனக்கு மேலேதான் வருகிறார்.