வரைந்து வாழும் அறம்

இல்லறத்தான் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு தானியம் எனக்குப் போதும் என்று தானே ஓர் எல்லையை வரைந்துகொண்டு, அதற்கு மேற்பட்டதை விலக்குவது அவ்விரதம். திசை விரதமோ, இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு அப்பால் செல்லேன் என்று நடமாட்டத்துக்கும் எல்லை வகுக்கிறது. ஆற்றல் இல்லாதவன் அடங்கியிருத்தல் விரதம் ஆகாது. ஆற்றல் உள்ளவன் அடங்குவதே விரதம்.

தனி மனிதனுக்குரிய இவ்வறம் ஓர் அரசுக்கும் பொருந்துமா? இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாவை விடாமல் எழுப்பி வரும் நாடு அமெரிக்கா. அந்நாட்டில் மரபு பேணுவோர் எனப்படும் அரசியல் சிந்தனையாளர் தம் கொள்கையின் உயிராகக் கொள்வது, வரையறைக்குட்பட்ட அரசு என்பதையே. அதனைச் சமண நோக்கில் ஆராய்வது பயன் தரும்.

1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் கூடிய பேரவை அந்நாட்டின் அரசியல் சட்டத்தை வகுத்தது. சட்டம் இயற்றுவது காங்கிரஸ், நிறைவேற்றுவது குடியரசுத் தலைவர், தீர்ப்பளிப்பது நீதிமன்றம் என அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தனர். 1791இல் பத்துத் திருத்தங்கள் சேர்ந்தன. மத்திய அரசுக்கு அளிக்கப்படாமலும் மாநிலங்களுக்கு மறுக்கப்படாமலும் உள்ள அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்பது பத்தாவது திருத்தம். இத்தனை வேலிகள் எதற்கு? மனிதர் தேவர்களாயின் அரசே வேண்டுவதில்லை. ஆள்வோரும் மனிதரே ஆதலின் அவர்க்கும் கட்டு வேண்டும் என்பது 1788இல் ஜேம்ஸ் மாடிசன் தந்த விளக்கத்தின் சாரம். வெகுளி, செருக்கு, வஞ்சம், பேராசை என்னும் கஷாயங்கள் அரியணை ஏறியவனை விட்டு அகல்வதில்லை என்று அறிந்த நமக்கு இவ்விளக்கம் புதிதன்று.

எழுதிய சட்டத்தினும் வலியது எழுதாத விரதம். விடுதலைப் போரில் வென்ற ஜார்ஜ் வாஷிங்டன் 1783 டிசம்பரில் படைத்தலைமையைக் காங்கிரசிடமே திருப்பி அளித்தார். இருமுறை குடியரசுத் தலைவராக இருந்தபின், 1796இல் மூன்றாம் முறை வேண்டா என்று விலகினார். அவரைத் தடுக்கும் சட்டம் ஏதும் அன்று இல்லை. அவர் வரைந்த எல்லையை 1940இல் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை வெல்லும் வரை எவரும் கடக்கவில்லை. கடந்த பின்னரே, 1951இல், அது சட்டமாக எழுதப்பட்டது. விரதம் உடைந்த இடத்தில்தான் வேலி எழுப்ப வேண்டியதாயிற்று.

பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு எட்மண்ட் பர்க் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் 1790இல் எழுதிய நூல் இச்சிந்தனைக்கு ஊற்றுக்கண். அமெரிக்கரான ரஸ்ஸல் கிர்க் 1953இல் வெளியிட்ட நூல் அதனைத் தம் நாட்டு மரபோடு இணைத்தது. முன்னோர் பட்டறிந்து வைத்ததை ஒரே நாளில் அழிக்கலாகாது. குடும்பம், வழிபாட்டிடம், ஊர்ச்சங்கம் ஆகியவை செய்ய வல்லதை அரசு கைக்கொள்ளலாகாது என்பன இவர்கள் வலியுறுத்தும் கருத்துகள். அரசின் உதவியின்றித் தலைமுறை தலைமுறையாக ஜினாலயங்களையும் நோன்பு முறைகளையும் காத்து வந்த நம் சமூகம் இதன் உண்மையை எளிதில் உணரும்.

ஆயினும் கொள்கையின் தரம் இக்கட்டில்தான் தெரியும். 1887இல் வறட்சியால் வாடிய டெக்ஸாஸ் உழவர்க்கு விதை தானியம் வாங்கித் தரப் பத்தாயிரம் டாலர் ஒதுக்கும் மசோதாவைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாண்ட் ஒப்பமிட மறுத்தார். அரசியல் சட்டம் அத்தகைய அதிகாரம் தரவில்லை. அரசே கொடுக்கத் தொடங்கினால் மக்களிடையே உள்ள உடன்பிறப்புணர்வு தளரும் என்றார். அவர் வேறு கட்சியினர் எனினும், மரபு பேணுவோர் இச்செயலை இன்றும் போற்றுகின்றனர்.

உணவு, மருந்து, நூல், அபயம் என நால்வகைத் தானம் கற்ற நாம் இதனை எவ்வாறு மதிப்பது? வரியாக வாங்கிய பொருளை அரசு அளிக்கும்போது, வரி கொடுத்தவனிடம் ஈகை உள்ளம் பிறப்பதில்லை. தானம் கொடுப்பவனையும் தூய்மை செய்ய வேண்டும் அன்றோ? இவ்வளவில் கிளீவ்லாண்ட் கூற்று மெய்யே. ஆனால் பசித்தவனுக்குக் கொடுப்பவன் உள்ளத்தின் தூய்மை உணவாகாது. ஆகவே "அரசு கொடுக்க வேண்டா" என்பவன், "நான் கொடுப்பேன்" என்னும் கடனை அக்கணமே ஏற்கிறான். 1887இல் செஞ்சிலுவைச் சங்கத் தலைவி கிளாரா பார்ட்டன் டெக்ஸாஸுக்கே சென்று நிலையை ஆராய்ந்தார், நன்கொடைகள் திரண்டன. ஆனால் 1933இல் உழைப்பாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையிழந்து நின்றபோது தனியார் ஈகை போதவில்லை. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அண்டையார் கை சுருங்கினால் அரசின் கை நீளும், இது இயல்பு.

இதனினும் கொடிய பிழை ஒன்று உண்டு. மத்திய அரசு தலையிடலாகாது என்னும் வாதத்தைத் தென்மாநிலங்கள் அடிமை முறைக்குக் கேடயமாக்கின. 1865இல் பதின்மூன்றாம் திருத்தம் அம்முறையை ஒழித்தது. 1957இல் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் நுழைவதற்கும் ஐசனோவர் படையை அனுப்ப நேர்ந்தது. அரசின் கையைக் கட்டும் கயிறு, எளியவனை வதைப்பவனுக்கு அரணாகுமாயின் அது விரதம் அன்று. இம்சைக்கு இட்ட வேலி. கொல்லாமையே முதல் அணுவிரதம். ஏனைய எல்லைகள் அதற்குத் துணையாகவே நிற்பன.

மற்றொரு குறை நம் கண்ணெதிரே உள்ளது. 1923 முதல் 1929 வரை பதவி வகித்த கால்வின் கூலிட்ஜ் நாட்டுக் கடனை ஏறத்தாழ 2,200 கோடி டாலரிலிருந்து 1,700 கோடியாகக் குறைத்தார். 1981இல் அரசைச் சுருக்குவதாகச் சொல்லிப் பதவியேற்ற ரீகன் காலத்திலோ கடன் மும்மடங்கை நெருங்கியது. 2024 இறுதியில் அது 36 லட்சம் கோடி டாலரைக் கடந்தது. இப்பழியில் இரு கட்சிக்கும் பங்குண்டு. வரி குறைய வேண்டும், பயன் மட்டும் குறையலாகாது என்று விரும்பும் மக்களுக்கும் பங்குண்டு. பிறர்க்கு விதித்துத் தனக்கு விலக்கு வைத்துக்கொள்வது எவ்விரதத்தில் சேரும்?

அரசு விலகிய இடம் வெற்றிடமாக இராது. அங்கே அறம் குடிபுகலாம், பேராசையும் குடிபுகலாம். அரசியல் சட்டம் கதவைத் திறந்துதான் வைக்கும். உள்ளே வருவது யார் என்பதை மக்களின் ஒழுக்கமே தீர்மானிக்கும். ஒழுக்கமும் சமயப் பற்றும் உள்ள மக்களுக்கே இச்சட்டம் பொருந்தும் என்று ஜான் ஆடம்ஸ் 1798இல் எழுதியது இதனாலேயே. அமெரிக்கக் கொள்கை அரசுக்கு எல்லை வரைந்தது. அருகன் அறமோ ஆசைக்கு எல்லை வரையச் சொல்கிறது. இரண்டாவது இன்றி முதலாவது நிலைத்து நில்லாது.

நம் பிள்ளைகள் எந்நாட்டில் வாழினும், எவ்வரசின் கீழ் வாழினும், இவ்வொன்றைக் கைக்கொள்வாராக: அரசின் எல்லையைக் கேட்பதற்கு முன், தம் எல்லையைத் தாமே வரைந்துகொள்வாராக.

அறம் வளர்க!