மூவா ஆடுகளும் முதியோர் ஓய்வூதியமும்

வாக்களித்தல் எளிது, வாக்கிற்குரிய பொருளை அன்றே ஒதுக்கி வைத்தல் அரிது. ஓய்வூதியம் பற்றிய அறக்கேள்வி இவ்விடத்தில்தான் பிறக்கின்றது.

செஞ்சிக்கு அருகிலுள்ள மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இவையின்றிப் பல்லவன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில், 7ஆம் நூற்றாண்டு முதல் நிலைத்து நிற்கின்றது. கல் தானே நிற்கும். நாள்தோறும் எரிய வேண்டிய விளக்கு தானே எரியாது. இதனை உணர்ந்தே, சோழர் காலத்துப் பெருமக்கள் கோயில்தோறும் நந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளை முதலாக வைத்தனர். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தனர். ஆடு மூப்பதும் மாய்வதும் இயற்கை. ஆயினும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிறைவு செய்தல் கடமை. ஆதலின் கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றன.

ஓய்வூதிய நிதியும் இத்தகைய மந்தையே. 1995 நவம்பர் 16இல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தை நோக்குவோம். சம்பளத்தில் 8.33 விழுக்காட்டை முதலாளியும், 1.16 விழுக்காட்டை மத்திய அரசும் செலுத்துமாறு அது அமைந்தது. 2014இல் இதற்குரிய சம்பள வரம்பு 15,000 ரூபாயாயிற்று. பெறுவதும் முன்னரே வரையறுக்கப்பட்டதாகும்: சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தல் வேண்டும். 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் 14 ஆண்டுகள் உழைத்தவருக்கு மாதம் 3,000 ரூபாய். வருவாய் குறித்த விழுக்காட்டில் நிற்கின்றது. கொடுக்க வேண்டியதோ முதியோரின் ஆயுள் நீள நீள வளர்கின்றது.

மதிப்பீட்டில் பற்றாக்குறை தெரிந்தபோது நெய்யின் அளவையே சுருக்கினர். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்னதாக மொத்தமாய்ப் பெறும் வசதி 2008இல் நிறுத்தப்பட்டது. 2014இல், கடைசி 12 மாதச் சம்பளத்திற்குப் பதிலாக 60 மாதச் சராசரி கணக்கிற்கு வந்தது. சம்பளம் உயர்ந்து வந்தோருக்கு இஃது இழப்பே. அவ்வாண்டே குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. அத்தொகையில் அரிசியும் மருந்தும் வாங்கி மானத்தோடு வாழ்தல் எங்ஙனம்?

“உடனே உயர்த்துக” என்பது இரக்கத்தின் குரல். ஆனால் முதலைச் சேர்க்காது உயர்த்தினால், இன்று உழைக்கும் இளைஞனின் முதுமைப் பங்கை எடுத்தவராவோம். உயர்த்தாது விட்டால், அன்று உழைத்த முதியவரின் பங்கை எடுத்தவராவோம். கொடாததைக் கொள்ளுதல் களவு என்பதன்றோ நம் அணுவிரதம்? இருவழியிலும் அக்குற்றமே நேர்கின்றது.

ஓய்வூதியத்தைக் கருணைக்கொடை எனக் கருதுவதே இம்மயக்கத்தின் வேர். அது காலந்தாழ்த்தி வழங்கப்படும் கூலி. உழைத்த நாளிலேயே கடன் பிறந்துவிடுகின்றது. அதற்குரிய பொருளும் அந்நாளிலேயே ஒதுக்கப்படல் வேண்டும். ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்து, குறையிருப்பின் மறையாது உரைத்து, வாக்களித்தவரே அதனை நிறைவு செய்தல் நீதி.

இந்நீதி அரசுக்கு மட்டும் உரியதன்று. ஆலையோ கடையோ நடத்தும் நம் அன்பர்கள், பணியாளருக்குரிய பங்கை உரிய நாளில் செலுத்துவதைத் தம் விரதத்தின் ஒரு கூறாகவே கொள்வார்களாக.