கமண்டலத்தில் அடங்காத மீன்

ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தம் மத்ஸ்யாவதாரத்தோடு நிறைவு பெறுகிறது. அதைச் சொல்ல வருபவர்கள் பிரளய வெள்ளத்துக்கும் வேதங்கள் மீட்கப்பட்ட கட்டத்துக்கும் விரைந்து சென்றுவிடுவதால், முற்பகுதியில் ஒரு மீன்குஞ்சுக்கும் ஓர் அரசனுக்கும் நடக்கும் உரையாடல் உரிய கவனம் பெறுவதில்லை. திராவிட தேசத்து மன்னன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் ஜலதர்ப்பணம் செய்கிறான். அதாவது, இரு கைகளையும் குவித்து நீரை அள்ளி அர்ப்பணிக்கிறான். மதுரையில் இன்று சாக்கடை நீரைச் சுமந்து ஓடும் கிருதுமால் நதியே அந்த ஆறு என்று சொல்லும் மரபு உண்டு என்பதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை. கையில் வந்துவிட்ட குஞ்சை மன்னன் ஆற்றிலேயே விட, பெரிய மீன்கள் தன்னை விழுங்கிவிடும் என்று அது முறையிட, அவன் இரங்கி அதைத் தன் கமண்டலத்து நீரில் இடுகிறான்.

ஓர் இரவுக்குள் வளர்ந்துவிட்ட மீன், மறுநாள் மன்னனிடம் வைக்கும் விண்ணப்பமே இக்கதையின் நடுநரம்பு. பகை மீன்களிடமிருந்து அது தப்பிவிட்டது, உயிருக்கும் ஆபத்தில்லை. ஆயினும் இந்தக் குறுகிய இடத்தில் வருந்தி வாழ இயலாது, சுகமாக வசிக்கத்தக்க விசாலமான இடம் வேண்டும் என்று கேட்கிறது. மன்னன் சினக்கவில்லை, உயிரைக் காத்தது போதாதா என்று திருப்பிக் கேட்கவும் இல்லை. பெரிய பாத்திரம், குளம், ஏரி, கடல் என்று மீனின் உடல் வளர வளர இடத்தை மாற்றிக்கொண்டே போகிறான். கருணை அங்கே மனத்தில் எழும் உருக்கமாக நின்றுவிடாமல், அந்த உயிருக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கும் வேலையாகிறது.

இக்கதையைச் சிந்திப்பதற்குச் சென்னையின் அடையாறு பொருத்தமான இடம். கலாக்ஷேத்திராவை 1936-இல் இங்கே நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பட்டு, மறு ஆண்டிலேயே விலங்குவதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே அத்தகைய சட்டத்தை இயற்றும் என்று நேரு உறுதியளித்ததன் பேரில் அது திரும்பப் பெறப்பட்டது. 1960-இல் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அவர் தலைமையில் விலங்குகள் நல வாரியம் அமைந்தது. மனிதர் அல்லாத எந்த உயிரும் விலங்கே என்று அச்சட்டம் வரையறுப்பதால் மீனும் அதற்குள் அடங்கும். உடல் அசைவுக்கு நியாயமான இடம் தராத கூண்டிலோ கலத்திலோ உயிரை அடைத்து வைப்பது கொடுமை என்று அதன் 11-ஆம் பிரிவு கூறுவது, சத்தியவிரதனின் கமண்டலத்துக்கும் அப்படியே பொருந்தும்.

இன்றைய வீடுகளில் அந்தக் கமண்டலம் கண்ணாடித் தொட்டியாகியிருக்கிறது. ஃபிளவர்ஹார்ன், அரவானா போன்றவற்றை 'வாஸ்து மீன்' என்று விற்கிறார்கள். வீட்டுக்கு வரும் கெடுதலைத் தான் வாங்கிக்கொண்டு அது செத்துப்போகும் என்ற நம்பிக்கையும் கூடவே விற்கப்படுகிறது. மாற்றாத நீரில், தன் கழிவிலிருந்து ஊறும் அம்மோனியாவால் மடிந்த மீனுக்குத் திருஷ்டி கழித்த பெருமையைச் சூட்டுவது ஆன்மிகம் ஆகாது. ஃபைட்டர் மீன் சிறு புட்டியிலும் உயிரோடிருப்பதற்குக் காரணம், நீரின் மேல்மட்டத்துக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதே. சாகாமல் இருப்பதை நலமாக இருப்பதாகக் கொள்ளும் பிழையையே பாகவதத்து மீன் மன்னனிடம் திருத்தியது.

மீனுக்கு வலி தெரியாது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டதற்கு, அது கத்துவதில்லை என்பதைத் தவிர வலுவான காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. 2003-இல் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் டிரவுட் மீனின் உதட்டில் அசிட்டிக் அமிலத்தைச் செலுத்தியபோது, அது இரையைத் தவிர்த்து, உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தது. மார்ஃபின் கொடுத்ததும் அந்த நடத்தை குறைந்தது. ஆகவே, உணவுக்காகக் கொல்வதற்கு விலக்களிக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டம், அதிலும் தேவையற்ற துன்பத்தை அனுமதிக்கவில்லை என்பது கருதத்தக்கது. காற்றையும் சுவாசிப்பதால் கரையில் நெடுநேரம் சாகாத விராலைத் துடிக்கத் துடிக்கச் சாம்பலில் தேய்த்துச் செதிள் எடுப்பதற்கும், முதலில் தலையில் ஓங்கி ஓர் அடி கொடுத்து நினைவிழக்கச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு, உண்பவருக்குச் சிறிதாக இருக்கலாம். விராலுக்கு அப்படி அன்று.

இதைச் சொல்லும்போது வலைவீசுவோரைப் பழிப்பது சைவ மரபுக்கு ஒவ்வாது. அறுபத்து மூவருள் ஒருவரான அதிபத்தர் நாகையின் நுளைப்பாடியில் பிறந்த பரதவர். பிடித்த மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். ஒரே மீன் அகப்பட்ட நாள்களிலும் அதை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தவர். தொழிலைத் துறக்காமலே தொழிலுக்குள் ஓர் எல்லை வைத்துக்கொண்ட அவரது வழியைச் சேர்ந்ததாகவே, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் நிறுத்தப்படும் 61 நாள் தடைக்காலத்தையும் கொள்ளலாம்.

வலையில் அகப்படாத மீனும் இந்நகரில் நலமாக இல்லை. அடையாற்றின் முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபடும்போது அலை உள்ளே வருவதில்லை. தேங்கிய கழிவுநீரில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன. மயிலைத் தெப்பக்குளத்திலும் அவ்வாறு மிதந்ததுண்டு. பாசி பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை வெளிவிடும், இரவில் அதையே உட்கொள்ளும். ஆதலால் குளத்து நீரில் அந்த வாயு மிகவும் குறைந்திருப்பது விடியும் வேளையில். அப்போது மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடுவது மூச்சுக்காகவே என்றாலும், காலைத் தரிசனத்துக்கு வந்தவர்கள் அதைப் பசி என்று கொண்டு படித்துறையில் நின்று பொரியை அள்ளி வீசுகிறார்கள். தின்னாமல் ஊறி அடியில் தங்கும் பொரி அழுகும்போது, மீதமிருக்கும் வாயுவிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.