சாவா மூவாக் கணக்கு

ஒரு விசேஷமும் இல்லாத ஒரு வாரத்தில் குடுமியான்மலைக்குப் போய், அத்தை வீட்டுக்கு வெள்ளையடிக்க உதவினேன். பொங்கல் இல்லை, கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. இப்போது எதற்கு என்று கேட்டதற்கு, "சுவரு அழுக்கா இருக்கு தம்பி, வேற என்ன விசேஷம் வேணும்" என்றாள் அத்தை. அந்த வாரத்தில் எனக்குள் எழுந்த ஒரு பிரச்னையை இங்கே எழுதிப் பார்க்க விரும்புகிறேன். உதவி செய்கிறவன் எதுவரை உதவலாம் என்பதுதான் பிரச்னை. கேட்க எளிதாக இருக்கிறது. எனக்கு ஐந்து நாள் பிடித்தது.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திங்களன்று சாமான்களை முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். ஒட்டடை அடித்தோம், ஆணிகளைப் பிடுங்கினோம். செவ்வாயன்று ஒரு தகர டிரம்மில் சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். அடுப்பில்லாமலே அது கொதிப்பதை இந்த வயதிலும் வேடிக்கை பார்க்கத் தோன்றுகிறது. இரவு முழுக்க ஆறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் நீலமும் ஒட்டுவதற்குக் கஞ்சியும் கலந்தோம். சுண்ணாம்பின் கதை ஒரு வட்டம். மலையிலிருந்த கல்லைச் சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பாகிறது. தண்ணீர் பட்டால் நீறுகிறது. சுவரில் பூசினால், போன வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. வெள்ளையடிப்பது என்றால் மிக மெல்லிய ஒரு பாறையைச் சுவரின்மேல் வளர்ப்பது என்றும் சொல்லலாம்.

பட்டாசாலையில், பத்தாயத்துக்கு மேலே, மூன்று முழ அகலத்துக்கு மட்டும் சுவர் பழுப்பாக இருந்தது. மாமா இருந்தவரை வீட்டுக்கு எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் அந்த இடத்தை விட்டுவிடச் சொல்வாராம். அது அவருடைய கணக்குப் புத்தகம். முழுக்கப் பென்சில். மழை பெய்த தேதிகள், மாடு சினைபிடித்த நாள், பால் கணக்கு. இவற்றுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு நீண்ட பட்டியல்: பெயர், தொகை, தேதி. சிலவற்றுக்கு எதிரே ஒரு கோடு. பலவற்றுக்குக் கோடு இல்லை. இருநூறு, முந்நூற்று நாற்பது, இரண்டு மூட்டை உரம். மாமா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதையும் சேர்த்து அடித்துவிட வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு.

எனக்கு அது பொறுக்கவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு எழுத்து என்றால், எந்த எழுத்தாக இருந்தாலும், ஒருவிதப் பக்தி உண்டு. ஒரு சாதாரண விவசாயி முப்பது வருஷம் தன் கையால் எழுதிய சுவர் அது. அவர் கையெழுத்தில் ஒரு சாய்வு இருந்தது. அதை ஒரு மட்டையால் இரண்டு இழுப்பில் இல்லாமல் செய்துவிடுவதா? "இந்த இடத்தை மட்டும் விட்டுடலாமே அத்தை" என்று இரண்டு தடவை சொன்னேன். அத்தை பதில் சொல்லவில்லை. பெருக்கிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய் சாயங்காலம் மேலைக்கோயில் பக்கம் நடந்தேன். குடைவரையை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில், ஏழு பிரிவுகளாக, வரி வரியாக ஸ்வரக் கோவைகள். எழுத்தின் அமைதியை வைத்து ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். மகேந்திர பல்லவன் வெட்டியது என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. அதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. பி. ஆர். பண்டார்கர் இதை எபிகிராபியா இண்டிகாவின் 12-ஆம் தொகுதியில் பதிப்பித்தார். சில எழுத்துக்களின் தலையில் புள்ளிகள் இருக்கின்றன. அவை எதைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களிடையே இன்னும் முடிவான கருத்து இல்லை. மாணவர்கள் பாடிப் பழகுவதற்காக எழுதியது என்கிறார்கள். எழுத்து அப்படியே நிற்கிறது. பாடிய குரல், கேட்ட காது, இப்படிப் பாடு என்று திருத்திய குரு, எதுவும் இல்லை. ஆனாலும் இருக்கிறதே என்றுதான் அன்று எனக்குப் பட்டது. அத்தையின் சுவருக்கு இந்தப் பாறையையே சாட்சியாக்கிக்கொண்டு திரும்பினேன்.

ஆனால் பாறையை நம் சௌகர்யத்துக்குச் சாட்சிக்கு அழைக்க முடியாது. தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுக்களில் மிகப் பெரும்பாலானவை சங்கீதம் அல்ல, கணக்கு. நிலம் விற்றது, பொன் கொடுத்தது, விளக்குக்கு ஆடு விட்டது. ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு, அல்லது 96. ஆட்டைப் பெற்றுக்கொண்டவன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் சாவா மூவாப் பேராடு. ஆடு சாகும், கிழடாகும். அது எழுதியவனுக்கும் தெரியும். மந்தை பெருகி, செத்ததன் இடத்தைக் குட்டி நிரப்ப வேண்டும், எண்ணிக்கை குறையக்கூடாது என்பது ஏற்பாடு. ஆகவே சாகாதது ஆடு அல்ல, கடன். அதைக் கல்லில் வெட்டியதே அது சாகாமல் இருப்பதற்காகத்தான். வாங்கியவன் போன பிறகு அவன் மகன் அளக்க வேண்டும், பிறகு அவன் மகன். சந்திரன் சூரியன் உள்ளவரை என்றுதான் கணக்கு.

இது எனக்கு உடனே உறைத்துவிடவில்லை. புதன்கிழமை பத்தாயத்தை நகர்த்த ஆள் போதவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். நல்ல தெம்பு. பத்தாயத்தைப் பிடிக்கும்போது சுவர்ப்பக்கம் நிற்க வேண்டியவர், சுற்றிக்கொண்டு வந்து எதிர்ப்பக்கம் நின்றார். நகர்த்தி முடிந்ததும் முற்றத்துக்குப் போய்விட்டார். அத்தை காப்பியை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். பட்டாசாலையில் உட்காரச் சொல்லவில்லை. அவர் பெயர் என்னவென்று நான் கேட்கவில்லை. அத்தை அவரைக் கூப்பிட்டபோது காதில் விழுந்தது. சுவரில், மேலிருந்து ஐந்தாவது வரியில், கோடு போடாமல் இருந்த பெயர்.

மாமா அவரிடம் ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார். கேட்கிறவராக இருந்தால் சுவரில் எழுதத் தேவையில்லை, நேரே போய்க் கேட்டிருக்கலாம். அவர் எழுதியது தனக்காக. மறந்துவிடாமல் இருப்பதற்காகக்கூட இல்லை, வாயைத் திறக்காமல் இருப்பதற்காக என்று தோன்றுகிறது. உயிரோடு ஒருவர் இருந்து கேட்காமல் இருப்பது ஒரு பெருந்தன்மை. அவர் போன பிறகு அதே எழுத்து, அதே சாய்வு, அதே பென்சில். ஆனால் அது இப்போது யாரும் கேட்காத ஒரு கேள்வியாக, ஆறு வருஷமாக, அந்த வீட்டுக்குள் வருகிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தது. எழுத்து அப்படியே நிற்க, அதன் பொருள் தலைகீழாகிவிட்டது. பாறையிலும் இதே தான். எழுத்தைக் காப்பாற்றிவிட்டால் எழுதியதைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஆகாது.

இது புரிந்த பிறகும் அன்று இரவு நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அத்தை தூங்கிவிட்டாள் என்று நினைத்து, கைபேசியில் அந்தச் சுவரைப் படம் பிடித்தேன். சுவரை அவள் இஷ்டப்படி அடித்துக்கொள்ளட்டும், கையெழுத்து எனக்கு இருக்கட்டும் என்று ஒரு சமரசம். வெளிச்சம் பட்டு அத்தை எழுந்துவிட்டாள். கோபமெல்லாம் இல்லை.

"அவுக கையெழுத்து வேணும்ணா எனக்கு எழுதுன லெட்டரு பொட்டியில கெடக்கு. அத எடுத்துக்க. இது மத்தவங்க பேரு."

அவள் சொன்னதில் மூன்று விஷயங்கள் இருப்பதாக எனக்குப் பட்டது. நான் அழகு என்று பார்த்த எழுத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். தனக்கு எழுதிய கடிதத்தைக் கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு, பிறர் பெயரை எனக்குக் கொடுக்க உரிமை இல்லை. எனக்கு அதை எடுக்கவும் உரிமை இல்லை. கடன்காரர் பட்டியலைச் சுவரிலிருந்து அவள் இறக்கிவைக்கும்போது, அதை என் சட்டைப்பையில் ஏற்றிக்கொள்ள முயன்றிருக்கிறேன். படத்தை அழித்தேன்.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபணை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இல்லை. கல்லில் வெட்டச் செய்தவர்கள் அரசர்கள், அதிகாரிகள், கோயிலுக்குக் கொடுக்கும் அளவுக்கு வசதி இருந்தவர்கள். பென்சிலால் எழுதியவர்கள் எல்லோரையும் சுண்ணாம்பு விழுங்கிவிடுகிறது. ஒவ்வொரு அத்தையும் இப்படித் துடைத்தால் சரித்திரம் கல் வைத்திருந்தவர்களுடையதாகவே இருந்துவிடாதா? இருந்துவிடும். அந்த நஷ்டம் உண்மையானது. அதை ஒரு அழகான வாக்கியத்தால் ஈடுகட்ட நான் தயாராக இல்லை. ஆனால் நஷ்டம் என்பதாலேயே அதைத் தடுக்கும் அதிகாரம் எனக்கு வந்துவிடாது. ஆயிரம் வருஷத்துக்குப் பின் ஆட்டுக் கணக்கைப் படியெடுக்கும் ஆராய்ச்சியாளரால் நெய் அளக்கத் தவறியவனுக்கு ஒரு தலைகுனிவும் இல்லை. ஆறு வருஷத்துக்குப் பின் படியெடுக்கிற என்னால் முற்றத்தில் நின்று காப்பி குடிக்கிறவருக்கு உண்டு. உயிரோடு இருப்பவர்கள் பக்கத்தில் இருக்கும்வரை ஆவணம் அவர்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

இன்னொன்று. டவுனிலிருந்து வந்து பார்த்த பெயிண்டர், பழைய பூச்சைச் சுரண்டி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்துவிடலாம், பத்து வருஷம் கவலையில்லை என்றிருக்கிறார். அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். காரணம் செலவும் ஈரமும். பழைய செங்கல் சுவர், ஈரத்தை வெளியே விட வேண்டும். பிளாஸ்டிக் பூச்சு கட்டினால் உப்பிக்கொண்டு உரியும். அவள் நினைத்தது அவ்வளவுதான். எனக்கு வேறொன்று தோன்றியது. சுரண்டுவது வேறு, மேலே பூசுவது வேறு. 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்களைக் கண்டார். மேலே பூசியவர்கள் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துப் பூசவில்லை. தங்கள் காலத்துக்கு ஒரு சுவர் வேண்டும் என்று பூசினார்கள். அது காப்பாற்றியும் இருக்கிறது. கோயில்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்ததில் கல்லின் தோலோடு எழுத்தும் போனதை நாம் பார்த்திருக்கிறோம். அத்தை மாமாவின் கணக்கைச் சுரண்டவில்லை. அந்தக் கடன்கள் இல்லவே இல்லை என்று அவள் சொல்லவில்லை. இனி யாரும் வாசிக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னாள். மன்னிப்புக்கும் பொய்க்கும் உள்ள வித்தியாசம் இதுவாக இருக்கலாம்.

வியாழக்கிழமை அந்த மூன்று முழத்தை நான்தான் அடித்தேன். அத்தை என்னிடம்தான் மட்டையைக் கொடுத்தாள். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி. அடித்து முடித்த பிறகும் பெயர்கள் எல்லாம் தெரிந்தன, முன்பைவிடத் தெளிவாக. காயக் காயத்தான் வெளுக்கிறது. சாயங்காலம் பாதி தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் தேடிப் பார்த்தால் இரண்டொரு எழுத்து. அதன்மேல் இரண்டாவது கை அடித்தோம்.

உதவி என்பது நம் ரசனையையும் கொள்கையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய் இன்னொருவர் வீட்டில் இறக்குவது அல்ல. கை வேண்டும் என்று கேட்டால் கையைக் கொடுப்பது. கேட்டவர் தவறு செய்வதாகத் தோன்றினால் சொல்லலாம், இரண்டு தடவைகூடச் சொல்லலாம். பதில் வராதபோது, பதில் இல்லை என்று எடுத்துக்கொள்ளாமல், நமக்குத் தெரியாத ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று வேலையைத் தொடர்வது. எனக்கு இந்தக் காரணம் தெரியவந்தது தற்செயல். பத்தாயம் இன்னும் சிறியதாக இருந்திருந்தால் தெரிந்திருக்காது. அப்போதும் நான் அந்தச் சுவரை அடித்துத்தான் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாமான்களைத் திரும்ப உள்ளே வைத்தோம். பத்தாயத்துக்கு அவரே மறுபடி வந்தார். இந்தத் தடவை சுவர்ப்பக்கம் அவர் நின்றார்.